அஞ்சுல ஒண்ணு கழிச்சுக்கோ

மெக்கானிக் சங்கத்துக் கூட்டத்துக்குக் கூப்ட்டு, நல்லதா நாலு வார்த்த பேசிட்டுப் போங்கண்ணேன்னு சொல்லி மைக்க கையில குடுத்துட்டீங்க. புதுசா வேலைக்கு வந்த பசங்க முன்னாடி வரிசையா உக்காந்திருக்கீங்க. பின்னாடி நாற்காலியில என்கூட வேல செஞ்சவங்க மூணு பேரு மூஞ்சத் திருப்பிக்கினு உக்காந்திருக்காங்க. நான் எதப் பேசக் கூடாதுன்னு அவங்க நெனைக்கிறாங்கன்னு எனக்குத் தெரியும். அதத்தான் பேசப் போறேன். புடிக்காதவங்க போய் டீ குடிக்கலாம், வெளிய வச்சிருக்காங்க.

நான் மீட்டரு, கியரு வேலைக்காரன். போளூர்ல ஒரு பெரிய ஷெட்டுல ரொம்ப வருஷம் இருந்தேன். ஜவ்வாது மலைக்கு ஏறுற ஜீப்புல பாதி அந்த ஷெட்டுலதான் வந்து படுக்கும். என்ஜினுக்கு ஒருத்தரு, பாடிக்கு ஒருத்தரு, டயருக்கு ஒருத்தரு, கியரும் மீட்டரும் நானு. ஒருத்தர் வேலையில இன்னொருத்தர் கைய வைக்க மாட்டோம். அதுல எங்களுக்கு ஒரு கெத்து.

மலைக்கு ஏறுற ஜீப்புன்னா பின் சக்கரம் ரெண்டுக்கும் நடுவுல இருக்கற ஹவுசிங்ல கியர மாத்திப் போடுவோம், இழுவ கெடைக்கறதுக்காக. போட்டதும் வேகம் காட்டற மீட்டரு உளற ஆரம்பிக்கும். வண்டி நாப்பதுல போனா முள்ளு அம்பதுல நிக்கும். அதச் சரி பண்ண, மீட்டர் கேபிள் மாட்டற எடத்துல கட்டவெரல் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம் இருக்குதில்ல, அத பல்லு எண்ணி மாத்தணும். அவ்ளோதான். ஆனா அந்தச் சனியன் போளூர்ல கெடைக்காது. வேலூருக்குச் சொல்லணும், அங்க இல்லன்னா மெட்ராசுக்குச் சொல்லணும், பத்து நாளு ஆகும். பத்து நாளு எந்த வண்டிக்காரன் சும்மா நிப்பான்? அதனால எங்க ஷெட்டுல ஒரு பழக்கம் இருந்துச்சு. டிரைவரக் கூப்ட்டு, "தோ பாரு, மீட்டர்ல அஞ்சுல ஒண்ணு கழிச்சுக்கோ"ன்னு சொல்லி அனுப்பிடுவோம்.

வாயால சொன்னா மறந்துடுவாங்கன்னு நான் ஒரு படி மேல போனேன். ஆஸ்பத்திரி வெள்ள பிளாஸ்டர வெட்டி, மார்க்கர் பேனாவுல "5-ல 1 கழி"ன்னு எழுதி, மீட்டருக்குப் பக்கத்துல ஒட்டி வுடுவேன். என் கையெழுத்து அழகா இருக்கும். அதுல வேற எனக்கு ஒரு பெரும.

ஆரோக்கியம்னு ஒரு டிரைவர். கலசப்பாக்கம் பக்கத்து கிராமத்துக்காரன், சர்ச்சுக்குத் தவறாம போற குடும்பம். அருவி பாக்க வர்றவங்களையும் மலை ஜனங்களையும் ஏத்தி எறக்கற ஜீப்ப ஓட்டிக்கினு இருந்தான். வண்டி அவனது இல்ல, வேற ஒருத்தருது. அவனோடது லைசென்சு ஒண்டிதான். அத வச்சித்தான் வூட்டுல அடுப்பு எரியணும். ரொம்ப நிதானமான ஆளு. பானெட்டு மேல யாரையும் உக்கார வுட மாட்டான். கொரங்கு குறுக்க வந்தாகூட நிறுத்தி, அது போற வரைக்கும் பாத்துக்கினு இருப்பான். எங்க பசங்க அவன மாட்டு வண்டின்னு கேலி பண்ணுவாங்க.

அவன் ஜீப்புக்கு நான்தான் கியர் மாத்துனேன். நான்தான் பிளாஸ்டர் ஒட்னேன். ஒரு வருஷம் அந்த பிளாஸ்டர பாத்துத்தான் அவன் மலை எறங்குனான். அத்திமூர் பக்கம் மலை எறங்கி முடியற எடத்துல ஒரு நீட்டு எறக்கம், அதுக்கப்பால ஒரு வளைவு. அங்க நாப்பதுக்கு மேல போவாதன்னு அவனே அவனுக்கு ஒரு சட்டம் வச்சிருந்தான். நாப்பதுன்னா அவன் கணக்குல முள்ளு அம்பதுல நிக்கணும். முள்ளு அம்பதத் தாண்டுனா கால எடுத்துடுவான்.

அப்பறம் ஜீப்புக்குச் சொந்தக்காரருக்கு ஆச வந்துடுச்சு. போட்டோவுல வண்டி ஒசரமா தெரியணுமாம். பந்தயத்துல ஓட்டற மாதிரி பெரிய டயரா வாங்கிக் குடுத்து அனுப்பிட்டாரு. எங்க ஷெட்டுலதான் மாட்னாங்க. டயர்காரரு மாட்னாரு. நான் பக்கத்துல ஒரு வேனு அடியில படுத்துக்கினு இருந்தேன். வெளிய வந்து கையத் தொடச்சிக்கினே, "இன்னாடா ஆரோக்கியம், இனிமே ஏணி வச்சித்தான் ஏறணுமா?"ன்னு கிண்டல் பண்ணேன். அவனும் சிரிச்சான். கதவு தொறந்தே கெடந்துச்சு. என் பிளாஸ்டரு என் கண்ணு முன்னாடி, கைய நீட்டுனா புடுங்கற தூரத்துல இருந்துச்சு.

டயரு பெருசானா மீட்டரு கம்மியா காட்டும்னு எனக்குத் தெரியாதா? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். நான் போட்ட கியரு மீட்டர ஜாஸ்தியா காட்ட வச்சுது. இந்த டயரு கம்மியா காட்ட வச்சுது. ஒண்ணு ஏத்துனத இன்னொண்ணு எறக்கி, மீட்டரு கிட்டத்தட்ட கரெக்டாவே ஆயிடுச்சு. அம்பதுன்னு காட்னா அம்பதுதான். அந்த வண்டியில அன்னிக்கிப் பொய் சொன்னது நான் எழுதி ஒட்டுன பிளாஸ்டரு ஒண்ணுதான். எனக்கு அது அப்ப தோணல. ஏன் தோணல? டயரு என் வேல இல்ல. அவ்ளோதான் காரணம், வேற ஒண்ணும் இல்ல. இன்னிக்கி வரைக்கும் அத நெனச்சா என் மேலயே எனக்கு ஆத்திரமா வருது.

நாலாவது நாளு. காலையில பதினோரு மணி இருக்கும். ஆரோக்கியம் ஆறு பேர ஏத்திக்கினு எறங்குறான். அதே எறக்கம், அதே வளைவு. முள்ள எப்பவும் போல அம்பதுல வச்சான். அவன் மனசுல நாப்பதுல போறான். வண்டி நெசமா அம்பதுல போவுது. அதுவும் ஒசந்த வண்டி. வளைவுல திருப்புனான், ஜீப்பு பள்ளத்துல சாஞ்சிடுச்சு. உயிருக்கு ஒண்ணும் இல்ல, ஆனா சாம அரிசி மூட்டையோட போளூர் சந்தைக்கு வந்துக்கினு இருந்த மலைக்காரர் ஒருத்தருக்குத் தொட எலும்பு ஒடஞ்சிடுச்சு.

முன்சீட்டுல இருந்த டூரிஸ்ட் பையன் ஒருத்தன் போன்ல வீடியோ எடுத்துக்கினு வந்திருக்கான். அதுல மீட்டரு பளிச்சுனு தெரியுது. முள்ளு அம்பதுல. மறுநாளு அது எல்லா போனுலயும் ஓடுது.

ஸ்டேஷன்ல ஆரோக்கியத்தக் கேட்டாங்க. எவ்ளோ வேகத்துல வந்த? நாப்பதுங்க. வீடியோவுல அம்பது காட்டுதே? அது நாப்பதுதாங்க, அஞ்சுல ஒண்ணு கழிக்கணும்ங்க. சிரிச்சாங்களாம். "மீட்டருக்கே கணக்கு சொல்லித் தர்றான் பாரு"ன்னு. டீக்கடையில ஒருத்தரு குடிச்சிருந்தான்னு சொல்றாரு, இன்னொருத்தரு அவன் எப்பவுமே அப்படித்தான்னு சொல்றாரு. கொரங்குக்கு வண்டிய நிறுத்தறவன் ஒரே நாள்ல வேகப் பைத்தியம் ஆயிட்டான். கேஸ் போட்டு லைசென்ச வாங்கி வச்சிக்கினாங்க.

ஜீப்ப எங்க ஷெட்டு கிரேன்லதான் தூக்கினு வந்தாங்க. ஸ்டேஷன்ல எடம் இல்ல, பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பாக்கற வரைக்கும் இங்கியே நிக்கட்டும்னு சொல்லிட்டாங்க. மூணாம் நாளு மத்தியானம் மூணு மணிக்கு அவங்க வர்றாங்கன்னு தகவலு. அன்னிக்கி ரெண்டு மணிக்கு ஷெட்டு மொதலாளி என்னக் கூப்ட்டாரு.

"அந்த பிளாஸ்டரக் கிழிச்சிடுப்பா."

"எந்த பிளாஸ்டரு?"

"வெளையாடாத. உன் கையெழுத்து. வேற எவன் எழுத்து ஊருக்கே தெரியும்?"

"அதக் கிழிச்சா ஆரோக்கியம் பொய் சொன்னான்னு ஆயிடும் மொதலாளி."

"கிழிக்கலன்னா நம்ம ஷெட்டு பொய் சொல்லுச்சுன்னு ஆயிடும். இங்க பதினோரு பேரு சோறு துன்றான். அவன் ஒருத்தனுக்காக பதினோரு பேர ரோட்டுல நிறுத்தப் போறியா?"

தோ பின்னாடி உக்காந்திருக்காங்களே, இவங்களும் அங்கதான் நின்னாங்க. ஒருத்தரும் வாயத் தொறக்கல. நான் இவங்கள கொற சொல்லல. ஏன்னா நானும் போனேன். உங்ககிட்ட ஒளிக்கறதுக்கு இன்னா இருக்குது? ஜீப்புல ஏறி, பிளாஸ்டரு ஓரத்துல நகத்த வுட்டேன். ஒரு மூல கிளம்பி வந்துச்சு. வெயில்ல காஞ்ச பிளாஸ்டரு, இழுத்தா சர்ருனு வந்துடும். மிச்சத்த இழுக்கறதுக்கு ஒரு நொடி போதும்.

அப்ப வாசல்ல ஒரு பொம்பள சத்தம். ஆரோக்கியம் சம்சாரம், சகாயமேரி. சண்ட போட வந்திருக்குதுன்னு நெனச்சேன். சண்டையே போட்டிருக்கலாம்.

"அண்ணே, உங்கள ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அஞ்சுல ஒண்ணு கழிக்கணும்னு அவரு சொல்றாரே, அது நெசமா? இல்ல கேசுக்காக சொல்றாரா?"

என் நகம் இன்னும் பிளாஸ்டரு ஓரத்துலதான் இருந்துச்சு.

"ஊர்ல எல்லாரும் சிரிக்கிறாங்க. போவட்டும்ண்ணே. எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. பதினாலு வருஷமா கூட இருக்கறேன், ஒரு பொய் சொன்னதில்ல அவரு. ராத்திரி சோறு போடும்போது மூஞ்சியப் பாக்க முடியல. நான் அவர நம்பலாமா கூடாதா, அத ஒண்டி சொல்லுங்க."

பசங்களா, லைசென்சு போனா திரும்ப வாங்கலாம். வேல போனா வேற வேல தேடலாம். ஒருத்தன் கட்டுன பொண்டாட்டியே அவன் மூஞ்சிய சந்தேகமா பாக்கறதுக்கு என் நகம் காரணமா இருக்கணுமா? எனக்கு அப்படியே பத்திக்கினு வந்துச்சு. மொதலாளி மேல இல்ல, என் மேல. கிளம்பி வந்த மூலைய கட்டவெரலால திரும்ப அழுத்தி ஒட்னேன்.

"நெசந்தாம்மா. நான்தான் சொன்னேன். தோ, நான்தான் எழுதுனேன், வந்து பாரு"ன்னு அந்தப் பொண்ண கிட்ட கூப்ட்டு காட்னேன். அது படிச்சிச்சு. ரெண்டு தரம் படிச்சிச்சு. அப்பறம் என்ன ஒரு பார்வ பாத்துச்சு பாருங்க, அந்தப் பார்வைக்கு அறஞ்சிருந்தாலும் தேவல. அப்படியே கெளம்பிடுச்சு.

மொதலாளி கத்துனாரு. "சாவிய வச்சிட்டுப் போய்டு, நானே கிழிச்சிக்கறேன்"னாரு. நான் ஜீப்புலருந்து எறங்கல. டிரைவர் சீட்டுல உக்காந்துக்கினேன். "இன்ஸ்பெக்டர் வர்ற வரைக்கும் யாரும் கைய வைக்கக் கூடாது. என்னத் தூக்கிப் போட்டுட்டு கிழிச்சிக்கங்க"ன்னேன். எனக்கு அப்ப அம்பத்தஞ்சு வயசு, ஒடம்பு ஒண்ணும் பெருசு இல்ல, ரெண்டு பேரு நெனச்சா தூக்கிடலாம். யாரும் தூக்கல. ஒரு மணி நேரம் அந்தச் சாஞ்சு நசுங்கன வண்டியில உக்காந்திருந்தேன். வாய் ஒலந்து போச்சு. தண்ணி கேக்க மனசு வரல.

பிரேக் இன்ஸ்பெக்டரு ஒரு அம்மா. என் பொண்ணு வயசு இருக்கும். வந்ததும், "யாரு நீங்க? ஏன் உள்ள உக்காந்திருக்கீங்க?"ன்னு அதட்னாங்க.

"நான்தாம்மா இந்த வண்டி மெக்கானிக்கு. இது நான் எழுதுனது."

குனிஞ்சு படிச்சாங்க. "கியர் மாத்துனதுக்காகவா?"

"ஆமாம்மா. அப்ப இது சரி. அப்பறம் பெரிய டயரு போட்டோம். அன்னிக்கே நான் இத எடுத்திருக்கணும். எடுக்கல."

"அப்ப மீட்டரு இப்ப தப்பா காட்டலியா?"

"இல்லம்மா. மீட்டரு சரியாத்தான் காட்டுது. நான்தான் தப்பு."

பின்னாடி ஜாக்கி போட்டு, சக்கரத்தச் சுத்தி, டயர டேப்புல அளந்து காட்னேன். அந்தக் கணக்கெல்லாம் உங்களுக்கே தெரியும், சொல்லிக்கினு இருக்க வேணாம். அந்தம்மா எல்லாத்தையும் எழுதிக்கினாங்க. கடைசியா பேனாவ மூடிட்டு, "இத நீங்க எழுத்துல குடுத்தா உங்க மேலயும் வரும். தெரியுமா?"ன்னாங்க.

"வரட்டும்மா. காகிதம் குடுங்க."

எழுதிக் குடுத்தேன். அதே அழகான கையெழுத்துலதான்.

அன்னிக்கி சாயங்காலமே எனக்கு ஷெட்டுல வேல இல்ல. காட்டிக் குடுத்தவன்னு பேரு வந்துச்சு. கல்யாணத்துல பாத்தா பந்திய மாத்தி உக்காருவாங்க. இந்த சங்கத்துல என்ன அஞ்சு வருஷம் கூப்புடல. இன்னிக்கி கூப்ட்டதே புதுசா வந்த பசங்க கேட்டுக்கினதாலதான். காட்டிக் குடுத்தவன்னா, ஆமாய்யா, காட்டிக் குடுத்தேன். யார? என்னையேதான் காட்டிக் குடுத்தேன். அதுக்கு எவன்கிட்ட நான் பர்மிஷன் கேக்கணும்? அந்த ஷெட்டு மூடிப் போச்சா? இல்ல. பதினோரு பேரும் ரோட்டுக்கு வந்தாங்களா? இல்ல, நான் ஒருத்தன்தான் வந்தேன். இன்னிக்கும் அங்க பிளாஸ்டரு ஒட்றாங்களான்னு போய்க் கேளுங்க. ஒட்றதில்ல. அந்தச் சின்னச் சக்கரத்த எல்லா சைசுலயும் வாங்கி டப்பாவுல போட்டு வச்சிருக்காங்க.

அந்த மலைக்காரர ஆஸ்பத்திரியில போய்ப் பாத்தேன். நான் யாருன்னு சொன்னேன். அவரு செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கினாரு. மறுபடியும் போனேன், மறுபடியும் திரும்பிக்கினாரு. அது அவரு உரிம.

கேசு இழுத்துச்சு. அத்தன மாசமும் ஆரோக்கியம் அடுத்தவங்க நெலத்துல கூலிக்குப் போனான். கோர்ட்டுல நான் சாட்சிக் கூண்டுல ஏறி எல்லாத்தையும் சொன்னேன். ஜட்ஜு என்ன வாங்கு வாங்குன்னு வாங்குனாங்க. வாங்க வேண்டியதுதான். அப்பறம் ஆரோக்கியத்தப் பாத்து கேட்டாங்க, "கண்ணு முன்னாடி மீட்டர் அம்பது காட்டுது. பக்கத்துல ஒரு துண்டு பிளாஸ்டர். நீ எப்படிப்பா பிளாஸ்டர நம்புன?"

ஆரோக்கியம் என்னத் திரும்பிப் பாக்கல. கையக் கட்டிக்கினு சொன்னான். "ஐயா, மீட்டரு செஞ்சவர நான் பாத்ததில்லீங்க. இவரப் பாத்திருக்கேன். இவரு எழுதுனாரு, நம்புனேங்க."

சகாயமேரி பின்னாடி பெஞ்சுல முந்தானைய வாயில வச்சி அழுதுச்சு. உங்க வேலைக்கு எவ்ளோ பேரு பாராட்டு குடுத்தாலும் குடுக்கட்டும், இந்த மாதிரி ஒரு வார்த்தய ஒருத்தன் வாயால வாங்கிடாதீங்க.

வேணும்னே வேகமா ஓட்டலன்னு கோர்ட்டு ஒத்துக்கிச்சு. லைசென்சு அவன் கைக்குத் திரும்பி வந்துச்சு. என்கிட்ட ஒரு வார்த்த பேசல அவன். நானும் எதிர்பாக்கல.

வூட்டு வாசல்லியே கூர போட்டு நான் தனியா வேல பாத்துக்கினு இருந்தேன். ஒரு வருஷம் கழிச்சு ஒரு நாளு, ஒரு ஜீப்பு வந்து நின்னுச்சு. புது டயரு. உள்ள ஆரோக்கியம். வேற ஒருத்தரு வண்டிய ஓட்றானாம். எறங்கி வந்து நின்னான். வணக்கம் சொல்லல.

"கியரும் மாத்தியாச்சு, டயரும் மாத்தியாச்சு. மீட்டரு சரி பண்ணணும்."

"பண்ணிடலாம்பா. ஆனா அந்தச் சக்கரம் வர்றதுக்கு…"

"எத்தன நாளானாலும் நிக்கட்டும். நீ வாயால ஒண்ணும் சொல்லாதண்ணே. கையால பண்ணு."

ஒம்போது நாளு நின்னுச்சு. தெனம் பஸ்சுல வந்து பாத்துட்டுப் போனான். சக்கரம் வந்துச்சு, மாட்னேன். முடிச்சதும், "ஏறு. நீயும் வா"ன்னான். முன்சீட்டுல என்ன உக்கார வச்சிக்கினு போளூர்லருந்து மேல ஏறி, ஜமுனாமரத்தூர் தாண்டி, ஆலங்காயம் பக்கமா எறங்குனான். டேஷ்போர்டு மேல போன வச்சிருந்தான், வேகம் காட்டற ஆப்ப தொறந்து. வழி பூரா போனையும் முள்ளையும் மாத்தி மாத்திப் பாத்துக்கினே வந்தான்.

ஒரு பெரிய எறக்கம் வந்துச்சு, முன்னாடி வளைவு. அந்த எடத்துல அவன் ரோட்ட வுட்டு கண்ண எடுக்காம கேட்டான்.

"எவ்ளோண்ணே?"

நான் முள்ளப் பாத்தேன். "நாப்பது."

போன எடுத்தான். பாக்காமலே சட்ட ஜோபியில போட்டுக்கினு, வண்டிய வளைவுல திருப்புனான்.